தவக்காலத்துப் பேணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் கேளுங்கள். இந்தக் கதையில் ஒருவரும் சாகமாட்டார்கள். கதைக்குள்ளே ஒரு கதைப்புத்தகம் வரும். அதில் அங்கொருவர் இங்கொருவராகச் சாவார்கள்தான். ஆனால் அவர்கள் கடலுக்கு அங்காலை வேல்ஸ் நாட்டுக் கிராமத்து ஆட்கள், அச்சிலே செத்தவர்கள். எங்கள் யோசெப்பினுக்கு வந்தது வேறு கரைச்சல்.

யோசெப்பினை எங்கள் கோயிலில் தெரியாதவர்கள் இல்லை. மொன்றியல் பார்க் எக்ஸ்ரென்சனில் மூன்றாம் மாடி வீடு. வெளிப்படியில் மார்ச் மாதம் முடியும்வரை ஐஸ் கிடக்கும், உப்புப் போட்டுப் போட்டுத்தான் இறங்கவேண்டும். அங்கேயிருந்து விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, பார்க் மெட்ரோவில் ஏறி, ஸ்னோடனில் மாறி, கோட்-வெர்த்துவில் இறங்கி, பஸ் பிடித்து புவாண்ட்-கிளேரில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவாள். கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு வாயில் தீத்துகிற வேலை. பதினாலு வருசம். ஒரு நாள் பிந்தினது இல்லை.

மூன்று மணிக்கு வேலை முடியும். பஸ் மூன்றேமுக்காலுக்குத்தான். அந்த முக்கால் மணித்தியாலம் குளிருக்குள் தரிப்பில் நிற்காமல், மிஸிஸ் கிளெனிஸ் என்ற கிழவியின் அறையில் போய் இருப்பாள். கிளெனிஸ் வேல்ஸிலே பிறந்தவ, வயது தொண்ணூற்றொன்று. கண் மங்கிவிட்டது. நேற்று நடந்தது இன்றைக்கு நினைவில் நிற்காது, அறுபது வருசத்துக்கு முந்தினது அப்படியே நிற்கும். அவவுக்கு ஒரே ஆசை, தன் நாட்டுக் கிராமத்துப் பொலிசுக்காரன் ஒருவனைப் பற்றி வரிசையாக வந்த துப்பறியும் புத்தகங்கள். அவனுடைய பெயர் கொன்ஸ்டபிள் ஐவர். மழை, ஆட்டு மந்தை, ஒரு கடை, ஒரு ஜெபவீடு, அந்தக் கிராமத்தில் அவன் ஒருவன்தான் பொலிசு. நூலகத்திலிருந்து பெரிய எழுத்துப் புத்தகமாக எடுத்துவைத்துக்கொண்டு, "யோசெப்பின், வாசி," என்பா.

யோசெப்பினுக்கு முதல் புத்தகம் வாசித்து முடிக்க ஏழு மாதம் எடுத்தது. அந்த ஊர்ப்பெயர்களை அந்த இல்லத்தில் வேறு ஒருவராலும் சொல்ல முடியாது. இவள் நாக்கை மடித்து, காற்றை விட்டு, சொல்லிவிடுவாள். கிழவி கை தட்டுவா. இப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஒன்பதாவது புத்தகம். ஊர்ப் பாட்டுப்போட்டி வெள்ளிக்கிண்ணம் களவுபோன கதை.

இவ்வளவையும் மனதில் வையுங்கள். இன்னும் ஒன்று. மார்ச் முதலாம் திகதி வேல்ஸ்காரருக்குத் தங்கள் நாட்டுப் புனிதரின் திருநாள். அன்றைக்கு இல்லத்துச் சின்னக் குசினியில் கிளெனிஸ் தன் கையாலேயே மாக் குழைத்து, பிளம்ஸ், அதுதான் உலர்ந்த திராட்சை, போட்ட தட்டைப் பணியாரம் சுட்டா. யோசெப்பின் பக்கத்தில் நின்று கல்லில் புரட்டிப் போட்டாள். ஒரு தகரப் பேணியில் அடுக்கி யோசெப்பினுக்கென்று தந்தா. வெளியே போகிற சாப்பாடு என்றால் அங்கே ஒரு சட்டம். மூடியைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டி, பெயரும் திகதியும் எழுதவேண்டும். அங்கே பொழுதுபோக்குக்குப் பொறுப்பான பிள்ளை ஒட்டி எழுதிக் கொடுத்தாள்.

அது தவக்காலம். தேவதாசன், அவள் புருசன், விபூதிப் புதனிலிருந்து பாஸ்கா, அதாவது உயிர்ப்பு ஞாயிறு வரை வீட்டில் இனிப்புப் படக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிற மனுசன். தேத்தண்ணிக்கே சீனி இல்லை. பேணி மூடியில் சிவப்பு நிறத்தில், செட்டை முளைத்த பறவைநாகம் ஒன்று கீறியிருந்தது.

"என்னப்பா இது, மிக்கேல் சம்மனசு காலுக்குக் கீழை வைச்சு மிதிக்கிற சாமான் மாதிரிக் கிடக்கு," என்றார் தேவதாசன்.

"அது அவையின்ரை கொடி. தின்னாட்டி விடுங்கோ, நக்கல் அடியாதேங்கோ."

"பாஸ்காவுக்குத் தின்னுவம்," என்று பிறீசருக்குள் வைத்து, அந்த நாகம் கண்ணில் படாமல் அதற்கு மேலே ஒரு பாரை மீன் பக்கற்றையும் தூக்கி வைத்தார்.

அவ்வளவுதான். பேணியை எல்லாரும் மறந்துபோனார்கள்.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. முதல் நாள் பெய்த சினோப் பனி உருகி ஜன்னல் விளிம்பால் வடிந்துகொண்டிருந்தது. புதன்கிழமை, மீன் இறைச்சி என்று மச்சம் இல்லை. யோசெப்பின் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். கடிதம் பிரெஞ்சில். மகள் றொஷினி, பல்கலைக்கழகத்தில் முதல் வருசம், மேசையில் இருந்து வாசித்தாள்.

"என்ன பிள்ளை போட்டிருக்கு?"

"பொறுங்கோ அம்மா, நீளமா இருக்கு."

"நல்ல செய்தியெண்டால் நீளமா எழுதமாட்டாங்கள்," என்றார் தேவதாசன்.

"விசாரணை முடியுமட்டும் வேலைக்கு வரவேண்டாமாம். கட்டடத்துக்கையே வரக்கூடாதாம். மிஸிஸ் கிளெனிஸோடை போனிலைகூடக் கதைக்கக்கூடாதாம்."

"என்ன விசாரணை?"

றொஷினி கடிதத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அவவின்ரை கலியாண மோதிரம் காணேல்லையாம். மகன் கல்கரியிலையிருந்து வந்தவராம், விரலிலை இல்லையாம். வேலை முடிஞ்சாப்பிறகும் ஒருத்தி அந்த அறையிலை ஏன் இருக்கிறவ எண்டு கேட்டிருக்கிறார்."

புட்டுக் கோப்பையை யோசெப்பின் மெல்ல மேசையில் வைத்தாள். "நான் வாசிக்கிறனான். எல்லாருக்கும் தெரியுமே, வாசிக்கிறனான் எண்டு."

"சம்பளமில்லாமல் முக்கால் மணித்தியாலம் வாசிக்கிறாய் எண்டால் ஆர் நம்புவான்?" என்றார் தேவதாசன். "முதல் வருசம் நானே நம்பேல்லை."

"அப்பா!"

"இல்லைப் பிள்ளை, உந்த ஐவருக்கு ஒரு வேலையில்லை. ஆடு துலைஞ்சால் தேடுறதும், கிழவியளின்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிக்கிறதும். இப்ப அவனாலை எங்கடை வீட்டுக்கு உண்மைப் பொலிசு வரப்போகுது."

"பாஸ்காவுக்குத் திரும்ப வருவாராம்," என்றாள் றொஷினி. "அதுக்கிடையிலை கிடைக்காட்டிப் பொலிசிலை குடுப்பாராம். உங்கடை பேர் எண்டு எழுதேல்லை. ஆனால் உங்களை மட்டும்தான் நிப்பாட்டியிருக்கினம்."

யோசெப்பின் கதிரையில் இருந்தாள். "என்ரை பைலிலை ஒருக்கால் களவெண்டு விழுந்தால், இந்த மொன்றியலிலை ஒரு கட்டிலுக்குக் கிட்டவும் என்னை விடமாட்டாங்கள். வேலையை விடுங்கோ. அந்த மனுசி என்ன நினைப்பா?"

"அவ என்னத்தை நினைக்கிறது? பத்து நிமிசத்திலை மறந்துபோவா," என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார் தேவதாசன். அது ஆறுதலாக இருக்கவில்லை. அன்றைக்கு ஒருவரும் புட்டைத் தொடவில்லை. 

பிறகு வந்த நாட்கள் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பதினாலு வருசமாக விடியக் காலமை நாலரைக்கு எழும்பின உடம்பு, நாலரைக்குத் தானாக எழும்பும். எழும்பி என்ன செய்வது? குசினி அலுமாரிகளைக் கழுவினாள். திரைச்சீலைகளைக் கழட்டித் தோய்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போனபோது, "என்ன யோசெப்பின், லீவோ?" என்று நாலு பேர் கேட்டார்கள். கேட்டவர்களுக்குத் தெரியும், லீவில்லை என்று. ஏனென்றால் றோசலினுக்குத் தெரியும்.

றோசலின் அதே இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. நல்ல மனசு, மூடத் தெரியாத வாய். பின்னேரம் போன் எடுத்தாள்.

"யோசெப்பின் அக்கா, ஒருத்தருக்கும் சொல்லேல்லை நான்."

"ஓமோம். அதுதான் கோயிலிலை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"அது, என்ரை முகத்தைப் பாத்துத் தாங்களா விளங்கிக்கொண்டவை. அதை விடுங்கோ. மெஷினுகளின்ரை றப்பர் மடிப்புக்குள்ளையெல்லாம் கையை விட்டுத் தேடிப்போட்டன். மோதிரம் இல்லை. மூண்டு சொக்ஸும் ஒரு பல்லுச்செற்றும்தான் கிடைச்சுது."

"பல்லுச்செற் ஆரின்ரை?"

"அதுக்கு இப்ப வேற விசாரணை நடக்குது."

யோசெப்பின் அத்தனை நாளில் முதல் தரம் சிரித்தாள். சிரித்தது அழுகையாக மாறியது. றோசலின் மறுமுனையில் பேசாமல் இருந்தாள். அவளும் சில நேரம் பேசாமல் இருப்பாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மனுசி உங்களைத் தேடுது அக்கா. கிண்ணத்தை ஆர் எடுத்தது, கிண்ணத்தை ஆர் எடுத்தது எண்டு எல்லாரையும் கேக்குது. மகன்காரன் போனிலை 'அம்மா, மோதிரம் எங்கை?' எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறான். அவ, 'விரலிலைதான்' எண்டுறா. விரலிலை ஒண்டும் இல்லை."

ஒன்பதாவது புத்தகம் யோசெப்பினின் வேலைப் பைக்குள்ளேயே இருந்தது. கடைசி இரண்டு அத்தியாயம் மிச்சம். கிழவியை விட்டுவிட்டு வாசிப்பது துரோகம் போலக் கிடந்ததால் தொடாமல் வைத்திருந்தாள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமை, புதன்கிழமை மத்தியானம், கழுவுவதற்கு வீட்டில் ஒன்றுமே மிச்சமில்லாமல் போனபோது, எடுத்து வாசித்தாள்.

அந்த ஐவர் பெரிய கெட்டிக்காரன் என்று சொல்லமுடியாது. பூதக்கண்ணாடி இல்லை, இடுப்பில் துவக்கு இல்லை. அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒருவரிடமும் "எங்கே இருந்தீர்கள்?", "யார் எடுத்தது?" என்று கேட்கமாட்டான். தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி, "அந்த நேரம் உங்களுடைய கை என்ன செய்துகொண்டிருந்தது?" என்றுதான் கேட்பான். கடைக்காரி, பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன் என்பாள். தபால்காரன், முத்திரை குத்திக்கொண்டிருந்தேன் என்பான். வாய்க்குப் பொய் தெரியும், கைக்குத் தெரியாது என்பது அவனுடைய எண்ணம்.

புத்தகத்தை முடித்து வைத்துவிட்டு, பின்னேரச் சாப்பாட்டுக்கு றொட்டி போடலாம் என்று யோசெப்பின் மாவை எடுத்தாள். தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுக் கையை வைக்கப்போகும்போது, எப்போதும் செய்கிற மாதிரி, தன் கலியாண மோதிரத்தைக் கழட்டி உப்புப் பேணியின் மூடிக்குள் போட்டாள். இருபத்தாறு வருசமாக மாக் குழைக்கிற நேரமெல்லாம் செய்கிற வேலை. கை தானாகச் செய்யும், மனம் பாராது.

மாவுக்குள் கை அப்படியே நின்றது.

கிளெனிஸின் கை மார்ச் முதலாம் திகதி என்ன செய்துகொண்டிருந்தது? மாவுக்குள் பட்டரை விரலால் நொறுக்கிக்கொண்டிருந்தது. யோசெப்பினுக்கு அந்த விரல்கள் கண்ணுக்கு முன்னே வந்தன. மெலிந்து, மா அப்பி. மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம். மோதிரம் இல்லை! பேணி அப்போது கிழவியின் இடது பக்கத்தில், வெறுமனே, அடியில் போடுகிற எண்ணெய்க்கடதாசியோடு கிடந்தது. கல்லை எடுத்துவர யோசெப்பின் வெளியே போய்த் திரும்பியபோது கடதாசி விரித்தாயிற்று. பிறகு பணியாரம் சுடச்சுட அதற்கு மேலே அடுக்கினது இவள்தான்.

ஆறு மணிக்குத் தேவதாசன் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டே வந்தவர், பிறீசர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மாக்கையோடு நிற்கிற பெண்சாதியைப் பார்த்தார். பாரை மீன் பக்கற் நிலத்தில் கிடந்தது. பேணி அவள் கையில். றொஷினி பக்கத்தில்.

"என்ன, தவக்காலம் முடிய முதலே துவங்கிட்டியளோ?"

யோசெப்பின் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். தேவதாசன் வாய் திறந்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் லாச்சியை இழுத்துக் கத்தியை எடுத்தார். "கொண்டா, வெட்டிப் பாப்பம்."

"கையை எடுங்கோ!"

அந்த வீட்டில் யோசெப்பினின் அந்தச் சத்தம் அதுவரை கேட்டதில்லை. தேவதாசன் கத்தியை அப்படியே வைத்தார்.

"பிளாஸ்ரரைப் பாருங்கோ. மார்ச் ஒண்டு எண்டு அந்தப் பிள்ளையின்ரை கையெழுத்து. இண்டைவரைக்கும் ஒருத்தரும் திறக்கேல்லை. இதை நாங்கள் திறந்து மோதிரம் உள்ளுக்கை இருந்தால், என்ன எண்டு சொல்லுறது? களவெடுத்து ஒளிச்சு வைச்சது, பயத்திலை கொண்டுவந்து தாறாள் எண்டுதான் சொல்லுவாங்கள்."

"அம்மா சொல்லுறது சரி அப்பா," என்றாள் றொஷினி.

தேவதாசன் தாடையைத் தடவினார். "அப்ப ஒண்டு செய்வம். மோதிரத்தை எடுத்து றோசலினிட்டைக் குடுத்தால், கட்டிலுக்குக் கீழை போட்டுவிடுவாள். கண்டெடுத்தது எண்டு கதை முடிஞ்சுது. உன்ரை பேர் வராது."

"என்ரை பேர் வராது. அந்த அறை கூட்டுற பிலிப்பீன் பெட்டையின்ரை பேர் வரும், ஒரு மாசமாக் கட்டிலுக்குக் கீழை கூட்டேல்லையோ எண்டு. அவளுக்கு இன்னும் விசாப் பேப்பர்கூடச் சரிவரேல்லை."

"சரி. உதை உப்பிடியே கொண்டுபோறாய் எண்டு வை. எல்லாருக்கும் முன்னாலை திறக்கினம். உள்ளுக்கை இல்லாட்டி?"

யோசெப்பின் பேணியைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் இறுகி ஒரே கட்டி. ஒரு சத்தமும் இல்லை.

"இல்லாட்டி," என்றாள், "குடுத்த பணியாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவள் எண்டும் ஒரு பேர் வரும். கிடக்கட்டும்."

றொஷினி அப்போதே இல்லத்துக்குப் போன் எடுத்து, பொறுப்பாளர் மதாம் லுசியோடு பிரெஞ்சில் கதைத்தாள். மகன்காரன் அன்றைக்கே வந்திறங்கிவிட்டாராம். நாளைக்குப் பத்து மணிக்கு வரலாம் என்றார்கள்.

மறுநாள் பெரிய வியாழன். தேவதாசன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தானும் வெளிக்கிட்டார். பேணியைத் துவாயால் சுற்றி, கோடையில் பார்க்குக்குக் கொண்டுபோகிற குளிர்ப்பைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியிலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய வியாழன் நற்கருணைப் பவனி மாதிரியெல்லே கிடக்கு," என்றார்.

"பாவம் கதையாதேங்கோ," என்றாள் யோசெப்பின். அவள் உதடு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வீதியோரத்தில் கறுத்த சினோக் குவியல்கள் கரைந்து, பெருந்தெரு முழுக்கத் தண்ணீர் தெறித்தது. 

இல்லத்துக் கந்தோர் அறைக்குள் தேவதாசனை விடவில்லை. மொழிபெயர்க்கக் கூட வந்த றொஷினி ஒருத்தி போதும் என்றார்கள். அவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கதிரையில் இருந்தார். உள்ளே மதாம் லுசி, பக்கத்தில் மகன்காரன். உயர்ந்த மனுசன், பயணக் களைப்பு, கழுத்துச் சிவந்து போயிருந்தது. கிளெனிஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தது யார் தெரியுமோ? உடுப்புத் தோய்க்கிற றோசலின். அது அவளுடைய வேலையே இல்லை. கொண்டுவந்து விட்டவள் வெளியே போகவும் இல்லை, சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள்.

அங்கே நடந்த கதையெல்லாம் இங்கிலீசும் பிரெஞ்சும். நான் எங்கள் வாயால்தான் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வணக்கம் மிஸிஸ் கிளெனிஸ்," என்றாள் யோசெப்பின்.

கிழவியின் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. "யோசெப்பின்! எங்கை போனனீ? கிண்ணத்தை எடுத்தது ஆர்?"

"அம்மா," என்றார் மகன், "இது கிண்ணத்தைப் பற்றின கதை இல்லை. உங்கடை மோதிரம் எங்கை?"

"விரலிலை."

மகன் மதாமைப் பார்த்துக் கையை விரித்தார். எத்தனை தரம் கேட்டாலும் இதுதான் மறுமொழி என்ற மாதிரி.

யோசெப்பின் பேணியை மேசையில் வைத்தாள். துவாயை அவிழ்த்தாள். பிளாஸ்ரரில் இருந்த எழுத்தை மதாம் குனிந்து வாசித்தா. "நான் ஒரு கேள்வி கேக்கலாமோ?" என்று யோசெப்பின் மகனிடம் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, கிழவியின் இரண்டு கையையும் எடுத்து, மடியில் மெல்ல வைத்தாள்.

"மிஸிஸ் கிளெனிஸ். உங்கடை நாட்டுப் புனிதரின்ரை திருநாள். பணியாரம் சுடுறியள். உங்கடை கை என்ன செய்துகொண்டிருக்கு?"

கிழவி சிரித்தா. "நீ ஐவர் மாதிரிக் கேக்கிறாய்."

"ஓம். சொல்லுங்கோ. கை என்ன செய்யுது?"

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அறைச் சூடாக்கி மட்டும் கொதகொதவென்றது. பிறகு அந்த வயதான கைகள் மடியில் அசையத் தொடங்கின. கண்ணாடிப் போத்தலைச் சரிப்பது போல, மாக் கொட்டுவது போல. பிறகு வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் இடது கை மோதிரவிரலுக்குப் போய், இல்லாத ஒன்றைப் பிடித்து, இழுத்து, கழட்டின. இடது பக்கம் போய், எதற்குள்ளோ வைத்தன. வைத்த இடத்துக்கு மேலே உள்ளங்கை ஒரு தரம், இரண்டு தரம், கடதாசி நீவுவது போல நீவியது. பிறகு திரும்பி வந்து மாவுக்குள் இறங்கின.

"பட்டரை நொறுக்கிறன்," என்றா கிழவி. "என்ரை எம்றிஸ் தந்த மோதிரம், மாப் படக்கூடாது."

மகன்காரன் எழும்பி நின்றுவிட்டார்.

மதாம் கத்தரிக்கோலால் பிளாஸ்ரரை வெட்டினா. மூடி ஒட்டிப்போய்க் கிடந்து, டக்கென்று வந்தது. பனி பூத்த பணியாரங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போனதைக் கத்தரிக்கோல் நுனியால் நெம்பி நெம்பி எடுத்து வைத்தா. பன்னிரண்டு. எண்ணெய்க்கடதாசியைத் தூக்கினா. பேணியின் அடி, வெறும் தகரம், பளபளவென்று.

"யேசுவே," என்றாள் றோசலின் சுவரோடு.

யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டாள். றொஷினிதான் சொன்னாள்: "மதாம், கடதாசியைத் திருப்புங்கோ."

கடதாசிக்குக் கீழ்ப்பக்கம், ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்டு இருந்தது மோதிரம்.

 மகன்காரன் அதைப் பிய்த்து எடுத்து, உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, தாயின் விரலில் போட்டார். போட்ட உடனே அது வழுக்கிக் கொண்டுவந்தது. விரல் அவ்வளவு மெலிந்திருந்தது. "றோசலின், நூல் வைச்சிருக்கிறியே?" என்று கேட்டாள் யோசெப்பின். தோய்க்கிற இடத்தில் சட்டைத் தெறி தைக்கிறவளிடம் நூலும் ஊசியும் எப்போதும் உடுப்பில் குத்தியிருக்கும். யோசெப்பின் மோதிரத்தை வாங்கி, கீழ்ப்பக்கம் தெரியாமல் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றி, பல்லால் கடித்து, முடிச்சுப் போட்டாள். எங்கள் பெண்டுகள் விரலுக்குப் பெருத்த மோதிரத்துக்குச் செய்கிற வேலைதானே. திரும்பப் போட்டபோது இறுகி நின்றது.

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேவதாசனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பெண்சாதி நூல் சுற்றுகிறதை மட்டும் கண்டார். கண்டதும் வெறும் குளிர்ப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மதாம் மன்னிப்புக் கேட்டா. எழுத்திலும் தருவோம், நின்ற நாட்களுக்கும் குறைவில்லாமல் பார்ப்போம், எல்லாம் சொன்னா. மகன்காரன் யோசெப்பின் பக்கம் திரும்பினார். "நான் ஒரு மாதமாக அவவைக் கேட்டேன். நீங்கள் ஒரு தரம்தான் கேட்டீர்கள்," என்றார். "என்னை மன்னிக்கவேண்டும்."

"உங்கடை அம்மாவின்ரை சாமான். தேடத்தானே வேணும்," என்றாள் யோசெப்பின். மேசையில் கிடந்த துவாயை எடுத்து மடித்தாள்.  

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், கிளெனிஸின் முகம் கோணிக் கிடந்தது. மேசையைத் தடவித் தடவிப் பணியாரங்களைத் தொட்டுப் பார்த்தா. "பன்ரண்டும் கிடக்கு. ஒண்டுகூடத் தின்னேல்லையே நீ? அவ்வளவு கூடாதோ?"

"ஐயோ இல்லை மிஸிஸ் கிளெனிஸ்! எங்களுக்குத் தவக்காலம். பாஸ்காவுக்கெண்டு வைச்சிருந்தது."

"எங்கடை ஜெபவீட்டிலை அப்படி ஒண்டும் இல்லை," என்றா கிழவி, நொந்துபோன குரலில். "சூட்டோடை தின்னவேண்டிய சாமான்."

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வந்து, தேவதாசன் நாற்பது நாளுக்குப் பிறகு தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டார். நடுமேசையில் சிவப்பு நாகப் பேணி. பணியாரம் சீமெந்து மாதிரி.

"பல்லுக் கவனம்," என்றார் மகளிடம். "உள்ளுக்கை இன்னும் என்னென்ன வைச்சிருக்கிறாவோ தெரியாது." ஆனால் தேத்தண்ணிக்குள் தோய்த்துத் தோய்த்து நாலைத் தின்றார்.

பேணியை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லையே. திங்கட்கிழமை யோசெப்பின் பயத்தம் பணியாரம் சுட்டாள். மாக் கரைக்க முதல் மோதிரத்தைக் கழட்டி, உப்புப் பேணி மூடியைப் பார்த்து, யோசித்து, றொஷினியைக் கூப்பிட்டு அவளுடைய விரலில் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, மூன்று மணிக்கு, பேணியும் புத்தகமுமாகக் கிளெனிஸின் அறைக்குப் போனாள். மகன்காரன் ஜன்னலோரம் இருந்தார். அன்றிரவு அவருக்கு விமானம். எழும்பப் பார்த்தவரை, இருங்கோ, நீங்களும் கேளுங்கோ என்றாள். கிழவி ஒரு பயத்தம் பணியாரத்தைக் கடித்து, மென்று, இன்னொன்றுக்குக் கையை நீட்டினா. யோசெப்பின் மிச்சம் இருந்த இரண்டு அத்தியாயத்தில் முதலாவதைத் தொடங்கினாள்.

ஐவர் கடைக்காரியிடம் கேட்டான். தபால்காரனிடம் கேட்டான். பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்டான். வாத்தியார், "கை சும்மாதான் இருந்தது," என்றார்.

"பொறு, பொறு!" கிளெனிஸ் நாற்காலியில் நிமிர்ந்தா. "ஆரின்ரை கையும் சும்மா இருக்காது. வாத்தியார்தான்! கிண்ணத்தை எடுத்தது வாத்தியார்தான்!" பிறகு சந்தேகம் வந்து, யோசெப்பின் பக்கம் திரும்பினா. "நீ என்னை விட்டிட்டு முதலே வாசிச்சுப்போட்டியோ? உனக்குத் தெரியுமோ?"

மோதிரத்தைக் கட்டிலுக்குக் கீழே போட மாட்டேன் என்று நின்றவள் அவள், மறந்துவிடாதேங்கோ.

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள் யோசெப்பின். "நானும் இப்பதானே உங்களோடை வாசிக்கிறன்."

ஜன்னலுக்கு வெளியே மூன்றேமுக்கால் பஸ் தரிப்பில் நின்று, ஆளில்லாமல் போனது. அடுத்ததைப் பிடிக்கலாம். அவள் பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பொய்யைப் பிறகு சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாளோ என்று நான் கேட்கவில்லை.